சும்மா விட்டா மூடிக்கும்: அமெரிக்க கிராமத்து டர்ட் பைக் கிளப்புங்க ட்ரெயிலை எப்படி காப்பாத்துறாங்க

டர்ட் பைக், அதாவது காட்டுலயும் மண்ணுலயும் ஓட்டுற பைக், அதுக்கான கிளப்னா வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு சேறு, ஜம்ப், கப்பு, மெடல் இவ்ளோதான் கண்ணுல படும். ஆனா அமெரிக்காவுல ஒரு கிராமத்து கிளப்போட ஒரு வருஷத்த எடுத்து உள்ள போய் பாத்தீங்கன்னா வண்டி ஓட்டுறதுக்கு நிகரா வேற வேலைங்க கெடக்கும், விழுந்த மரத்த அறுக்கிறது, மண்ண வெட்டி தண்ணிய திருப்பி விடுறது, அரசாங்க ஆபீஸ் மீட்டிங்ல மேப்ப விரிச்சு வச்சு பேசுறது, ஒரு நிலத்துக்காரர் வீட்டு வாசல்ல தொப்பிய கழட்டிட்டு நின்னு "இந்த வருஷமும் உங்க காட்டு வழியா போய்க்கலாமா"ன்னு கேக்கிறது. ஏன் இவ்ளோ பாடு? காரணம் ஒண்ணுதான். ஒரு ட்ரெயில, அதாவது அவங்க ஓட்டுற காட்டுப்பாதைய, மூடணும்னா யாரும் மெனக்கெட வேண்டாம், சும்மா விட்டாலே போதும், அதுவா மூடிக்கும். சட்டம் அப்படி, மழை அப்படி, மரம் அப்படி, நிலத்துக்காரர் மனசும் அப்படித்தான். திறந்தே இருக்கணும்னாதான் ஆள் வேணும். இத புரிஞ்சிக்காம இந்த கிளப்புங்கள பத்தி பேசினா பாதி கதைதான் பேசுவோம்.

முதல்ல நிலம் யாருதுன்னு பாக்கணும், ஏன்னா அத வச்சுதான் கிளப்போட வேலையே மாறுது. அமெரிக்காவோட மேற்கு பக்கம் கிட்டத்தட்ட பாதி ஃபெடரல், அதாவது மத்திய அரசாங்கத்தோட நிலம். தேசிய காடுங்கள பாத்துக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸ் கிட்ட மட்டும் சுமார் 19.3 கோடி ஏக்கர் இருக்கு, பி.எல்.எம்.னு சொல்ற நில நிர்வாக அமைப்பு கிட்ட சுமார் 24.5 கோடி ஏக்கர். அங்க கிளப் பேச வேண்டியது ரேஞ்சர் ஆபீஸ்கிட்ட. கிழக்கு பக்கம் வந்தா காடே ஆனாலும் பெரும்பாலும் தனியார் நிலம், ஒரே ட்ரெயில் இருபது பேரோட நிலத்த தொட்டு போகலாம், அங்க பேச வேண்டியது இருபது குடும்பங்ககிட்ட. வேலை ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி தெரிஞ்சாலும் அடிப்படை ஒண்ணுதான், யாரோ ஒருத்தர் "சரி"ன்னு சொல்லிட்டே இருக்கணும், அந்த "சரி"க்கு வருஷா வருஷம் உழைக்கணும்.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1960கள்ல லேசான, விலை குறைஞ்ச பைக்குங்க ஏராளமா வந்துச்சு, அதுக்கு முன்னாடி காட்டுக்குள்ளயும் பாலைவனத்துக்குள்ளயும் போகாத கூட்டமெல்லாம் உள்ள போக ஆரம்பிச்சுது. அப்ப பெருசா விதியே கிடையாது. கலிஃபோர்னியா பாலைவனத்துல 1967-ல ஆரம்பிச்ச பார்ஸ்டோ டு வேகஸ் ரேஸ்ல பின்னாடி ஆயிரக்கணக்கான பைக்குங்க ஒரே வரிசையில நின்னு ஒரே நேரத்துல கிளம்பும், தூசி மேகம் மாதிரி எழும்பும். பாக்க பிரமாதமாதான் இருந்திருக்கும், ஆனா அந்த சக்கரங்களுக்கு அடியில இருந்தது பாலைவனத்தோட மேல்தோல், அது ஒரு தடவ உடைஞ்சா திரும்ப சேர எத்தனையோ வருஷமாகும். 1972 பிப்ரவரியில அதிபர் நிக்சன் 11644-ம் எண் நிர்வாக ஆணையில கையெழுத்து போட்டார். ஃபெடரல் நிலத்துல ஆஃப் ரோடு வண்டிங்க எங்க போகலாம் எங்க போகக்கூடாதுன்னு ஒவ்வொரு துறையும் பிரிச்சு சொல்லணும், சொல்லும்போது மண்ணு, நீர்ப்பிடிப்பு, செடி கொடி, காட்டு விலங்கு, மத்த மனுஷங்களோட தகராறு இதுக்கெல்லாம் பாதிப்ப முடிஞ்ச அளவு குறைக்கணும்னு அது சொல்லுது. 1977-ல அதிபர் கார்ட்டர் இன்னொரு ஆணை போட்டு, பெரிய பாதிப்பு நடக்குதுன்னு தெரிஞ்சா அந்த இடத்த உடனே மூடுற அதிகாரத்தையும் குடுத்தார். இந்த ரெண்டு ஆணையும் அதுக்கப்புறம் வந்த கோர்ட் கேஸுங்கள்ல திரும்ப திரும்ப வந்து நிக்குது.

அந்த பார்ஸ்டோ ரேஸுக்கு 1974-க்கு அப்புறம் சில வருஷம் பெர்மிட்டே கிடைக்கல, 1983-ல திரும்ப வந்துச்சு, 1989-ஓட முடிஞ்சு போச்சு. 1990-ல அந்த பாலைவனத்துல வாழ்ற மொஹாவி பாலைவன ஆமைய ஆபத்துல இருக்கிற உயிரினங்க பட்டியல்ல சேத்துட்டாங்க. ரைடருங்க பல பேருக்கு அந்த ரேஸ் போனது இன்னும் ஆறாத வருத்தம். எனக்கு அவங்க வருத்தமும் புரியுது, ஆமைக்காக பேசினவங்க நியாயமும் புரியுது. ரெண்டும் நிஜம்.

ஆனா இன்னைக்கு இருக்கிற கிளப்புங்களோட வாழ்க்கைய நிஜமா மாத்துனது 2005 நவம்பர்ல ஃபாரஸ்ட் சர்வீஸ் கொண்டு வந்த ட்ராவல் மேனேஜ்மெண்ட் விதி. அதுக்கு முன்னாடி பல காடுங்கள்ல நடைமுறை என்னன்னா, "இங்க போகாதே"ன்னு போர்டு இல்லன்னா போகலாம். இந்த விதி அத தலைகீழா திருப்பிருச்சு, மேப்ல போகலாம்னு குறிச்சிருந்தா மட்டும்தான் போகலாம், குறிக்கலன்னா மூடினதா அர்த்தம். அதுக்கு ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு மேப் போடுறாங்க, எந்த பாதையில எந்த வண்டி, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும்னு அதுல இருக்கும். கருப்பு வெள்ளையில, மேடு பள்ளமெல்லாம் பெருசா தெரியாம, பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், இலவசமா குடுப்பாங்க. ஆனா அதுதான் சட்டம். தரையில போர்டு இருக்கா இல்லையாங்கிறது ரெண்டாவது, அந்த தாள்ல கோடு இருக்கணும்.

இப்ப யோசிச்சு பாருங்க, முப்பது நாப்பது வருஷமா அப்பாவும் பிள்ளையும் ஓட்டிட்டு இருந்த ஒத்தையடி தடம், அது எந்த அரசாங்க ரெக்கார்டுலயும் கிடையாது, ஒரு காலத்துல சுரங்கத்துக்கு போன கோவேறு கழுதை பாதையா இருக்கலாம், மரம் வெட்ட போட்ட வண்டித்தடமா இருக்கலாம், மான் போன தடமா கூட இருக்கலாம். அத யாராவது ஜிபிஎஸ்ல ஓட்டி பதிவு பண்ணி, "இது இருக்கு, இத்தன மைல், இந்த இடத்துல ஓடைய கடக்குது, இந்த வகை வண்டி போகுது"ன்னு ஆபீஸ்ல குடுத்தாதான் அது பரிசீலனைக்கே வரும். எந்த ஊர்ல கிளப் விழிப்பா இருந்துச்சோ அந்த ஊர்க்காரங்க வீக்கெண்ட் வீக்கெண்டா போய் தடத்த எல்லாம் பதிவு பண்ணி கொண்டு போய் குடுத்தாங்க, அதுக்காக எல்லாம் கிடைச்சிருச்சுன்னு இல்ல, நெறைய போச்சு, ஆனா பேச்சுவார்த்தைக்கு ஒரு பொருள் மேஜை மேல இருந்துச்சு. கேக்க ஆளே இல்லாத தடத்துக்கு மேப்ல கோடு எங்கிருந்து வரும்? தரையில தடம் இருக்கும், சட்டத்துல இருக்காது.

கோடு கிடைச்சிருச்சுன்னு வச்சுக்குங்க. வேலை அங்கதான் ஆரம்பிக்குது.

குளிர்காலம் முடிஞ்சு பனி உருகினதும் ட்ரெயில் குறுக்க ஒரு மரம் விழுந்து கெடக்கும். முதல்ல வர்றவர்கிட்ட ரம்பம் இல்ல, அவர் எறங்கி பாக்கிறார், தூக்கி தாண்ட முடியாத தடிமன், பக்கத்துல புதர் கொஞ்சம் லேசா இருக்கு, அது வழியா சுத்தி போயிடுறார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ரெண்டாவது ஆள் அந்த சக்கரத்தடத்த பாத்து அது வழியா போவார். பத்தாவது ஆள் வர்றப்ப அது வழியாவே மாறியிருக்கும், அங்க மழை பெஞ்சு சேறானா பதினொன்னாவது ஆள் அதுக்கும் வெளிய ஒரு சுத்து போடுவார். வெயில் காலம் வர்றதுக்குள்ள ஒரு அடி அகல ஒத்தையடி பாதை இருந்த இடத்துல மூணு தடம், நடுவுல மிதிபட்டு செத்த செடி. அப்புறம் ஒரு நாள் உயிரியல் நிபுணர் வந்து போட்டோ எடுப்பார், அந்த போட்டோ ஒரு ரிப்போர்ட்ல ஏறும், "பாதைய விட்டு வெளிய ஓட்டுறாங்க, தாவரங்களுக்கு பாதிப்பு". அதுவும் பொய் கிடையாது. ஆரம்பத்துல இருந்தது ஒரே ஒரு மரம், இருபது நிமிஷ அறுப்பு வேலை. அதனாலதான் அனுபவப்பட்ட ரைடருங்க முதுகுப்பையில மடக்கு ரம்பம் ஒண்ணு எப்பவும் வச்சிருப்பாங்க, பெரிய மரம்னா கிளப்ல இருக்கிற செயின் சா ஆளுக்கு இடத்தோட ஜிபிஎஸ் புள்ளிய அனுப்புவாங்க. ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்துல வாலண்டியரா செயின் சா புடிக்கிறதுக்கே பயிற்சியும் சர்ட்டிஃபிகேட்டும் வேணும், அந்த சர்ட்டிஃபிகேட் உள்ள ரெண்டு பேர் ஒரு கிளப்ல இருந்தா அது பெரிய சொத்து.

அடுத்தது தண்ணி. ட்ரெயில அரிச்சு கொல்றது பெரும்பாலும் சக்கரம் இல்ல தண்ணி, சக்கரம் தண்ணிக்கு வழி போட்டு குடுக்குது அவ்ளோதான். வயல் வேலை தெரிஞ்சவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம், மடை எங்க வெட்டணும், வரப்பு எங்க உயரணும்ங்கிற அதே அறிவுதான். மலைச்சரிவுல நேர் கீழ இறங்குற பாதையில தண்ணி பாதையவே வாய்க்காலா எடுத்துக்கும், வேகம் புடிச்சு மண்ண அள்ளிட்டு போகும், ரெண்டு மூணு சீசன்ல முழங்கால் ஆழம் குழி விழும். அதனால பாதைய சரிவுக்கு குறுக்க, கொஞ்சம் கொஞ்சமா ஏறுற மாதிரி போடணும். ட்ரெயில் போடுறவங்க சொல்ற பாதி கணக்கு ஒண்ணு இருக்கு, மலையோட பக்கச்சரிவு எவ்ளோ சதவீதமோ அதுல பாதிக்கு மேல பாதையோட ஏத்தம் இருக்கக்கூடாது. சரிவு 20 சதவீதம்னா பாதை 10-க்குள்ள. அத தாண்டினா தண்ணி பக்கவாட்டுல வழியாது, பாதையோடவே ஓடும். மட்டமான இடத்துக்கும் இதே தொல்லை வேற விதமா, தண்ணி போக இடமே இல்லாம குட்டையா நிக்கும், எல்லாரும் சுத்தி போவாங்க, மறுபடி அகலமாகும்.

இறக்கத்துல ஓடி வர்ற தண்ணிய வெளிய தள்ள குறுக்க ஒரு மண் திண்டு போடுவாங்க, வாட்டர் பார்னு பேர். நடந்து போறவங்க பாதையில கட்டைய வச்சே இத போடலாம், பைக் போற பாதையில கட்ட வச்சா ஈரத்துல சக்கரம் வழுக்கும், கொஞ்ச நாள்ல ஓரத்துல மண்ணு அரிச்சு கட்டையே வெளிய வந்துரும். அதனால பைக் ட்ரெயில்ல நீளமா, மெதுவா எறங்கி ஏறுற மாதிரி ஒரு பள்ளம் மேடு பண்ணுவாங்க, ஓட்டுறவருக்கு அது ஒரு அலை மாதிரி தெரியும், தண்ணிக்கு அது வாசல். அந்த வாசல் வாய்ல இலையும் வண்டலும் சேந்து அடைச்சுக்கும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் அள்ளி விடணும். நாலு பேர் சேந்தா ஒரு நாளைக்கு எத்தன வாய் திறக்க முடியுமோ அவ்ளோதான், அதுல ஒண்ண விட்டாலும் தண்ணி அடுத்த வாசலுக்கு ரெட்டிப்பு வேகத்துல வரும். இந்த வேலைக்கு கையில இருக்கிற கருவிங்களுக்கே கதை உண்டு. ஒரு பக்கம் கோடாலி இன்னொரு பக்கம் மண்வெட்டின்னு இருக்கிறது புலாஸ்கி, 1910 பெரிய காட்டுத்தீயில தன் ஆளுங்கள சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டு போய் காப்பாத்துன ரேஞ்சர் எட் புலாஸ்கியோட பேர்ல இருக்கு. ஒரு பக்கம் பல்லு வச்ச வாரி, இன்னொரு பக்கம் தட்டையான வெட்டு வாய்னு இருக்கிறது மெக்லௌட், அதுவும் ஒரு ரேஞ்சரோட பேர்தான். தீயணைக்க வந்த கருவிங்க, இப்ப ஞாயித்துக்கிழமை ரைடருங்க கையில தண்ணிக்கு வழி வெட்டுது.

வேலை முடிஞ்சா எல்லாரும் வண்டியில ஏறி போயிடலாம்னு நினைப்போம். இல்ல, கையெழுத்து தாள் ஒண்ணு சுத்தி வரும். யார் வந்தாங்க, எத்தன மணி நேரம், என்ன வேலை, எத்தன மைல். புதுசா வர்றவங்க இத ஒரு சம்பிரதாயம்னு நினைச்சு போடாம போயிடுவாங்க, கிளப் செக்ரட்டரி பின்னாடியே ஓடி வந்து போட வைப்பார். ஏன்னா பணம் வர்ற வழி அதுல இருக்கு. 1991-ல வந்த ரெக்ரியேஷனல் ட்ரெயில்ஸ் ப்ரோக்ராம்னு ஒரு ஃபெடரல் திட்டம், டர்ட் பைக்குக்கும் ஏ.டி.வி.ங்கிற நாலு சக்கர காட்டு வண்டிக்கும் பனி வண்டிக்கும் போடுற பெட்ரோல்ல ஏற்கனவே சாலை வரி கட்டியாச்சு இல்லையா, ஆனா அந்த வண்டிங்க சாலையில ஓடல, அந்த வரியில ஒரு பங்க ட்ரெயிலுக்கே திருப்பி விடணும்ங்கிற நியாயத்துல வந்தது. அதுல 30 சதவீதம் மோட்டார் வண்டி ட்ரெயிலுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாத ட்ரெயிலுக்கு, மிச்சம் 40 பல பேர் சேந்து பயன்படுத்துற ட்ரெயிலுக்கு. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா நடக்கிறவங்களும் சைக்கிள்காரங்களும் குதிரைக்காரங்களும் கூட இந்த பெட்ரோல் காசுல போட்ட பாதையில போறாங்க. இந்த திட்டத்துல கிராண்ட், அதாவது மானியம், கேக்கிறவங்க தன் பங்குன்னு ஒரு பகுதி காட்டணும், வழக்கமா 20 சதவீதம் அளவுக்கு, சின்ன கிளப் கிட்ட அவ்ளோ காசு ஏது, ஆனா வாலண்டியரோட மணி நேரத்த பணமா கணக்கு போட்டு அந்த பங்கா காட்ட பல மாநிலங்கள்ல வழி இருக்கு. அப்ப அந்த கசங்கின கையெழுத்து தாள் என்னன்னு புரியுதா? கிளப்போட பேங்க் பாஸ்புக்.

சரி, சத்தத்துக்கு வருவோம், இங்கதான் நம்ம ஆளுங்க பல பேர் கோவப்படுவாங்க, ஆனாலும் சொல்லணும். ட்ரெயில் மூடினதுக்கு பின்னாடி இருக்கிற காரணங்கள்ல சத்தத்துக்கு பெரிய பங்கு உண்டு, ஏன்னா அரிப்ப பாக்க ஒருத்தர் காட்டுக்குள்ள வரணும், சத்தம் ரெண்டு மைல் தள்ளி சமையல்கட்டுல நிக்கிறவங்க காதுக்கே போயிடும். அவங்கதான் கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸுக்கு போன் பண்றவங்க, அவங்கதான் ஓட்டு போடுறவங்க. கலிஃபோர்னியாவுல 1986-ல இருந்து தயாரான பைக்குக்கு 96 டெசிபல்தான் உச்சவரம்பு, அதுக்கு முந்தினதுக்கு 101. அளக்கிற விதம் எளிமையானது, எக்ஸாஸ்ட் முனையில இருந்து 20 இன்ச் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மீட்டர புடிச்சு, இன்ஜினோட உச்ச சுத்துல பாதி வேகத்துல வச்சு பாப்பாங்க. நிறைய கிளப்புங்க ரேஸ் அன்னைக்கு காலையில தாங்களே மீட்டரோட நின்னு தேறாத வண்டிய திருப்பி அனுப்புறாங்க, நண்பனோட வண்டியா இருந்தாலும். சைலென்சருக்குள்ள திணிச்சிருக்கிற பஞ்சு மாதிரியான நார் ஓட ஓட கருகி போயிடும், அத மாத்தலன்னா கம்பெனியில இருந்து அமைதியா வந்த வண்டி கூட கத்த ஆரம்பிக்கும். மாத்துறதுக்கு ஒரு சாயங்காலம் போதும். டூ ஸ்ட்ரோக்கோட கீச்சு சத்தம் மரங்களுக்குள்ள சீக்கிரம் அடங்கிடும், ஃபோர் ஸ்ட்ரோக்கோட தடதட அடிக்குரல் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு போகும். சத்தம் குறைஞ்சா நிலம் கூடும்னு அமெரிக்க ரைடருங்க நடுவுல ரொம்ப நாளா ஒரு சொலவடை இருக்கு, அத ஸ்டிக்கரா ஒட்டிக்கிட்டு ஓட்டை சைலென்சரோட சுத்துறவங்கள பாத்தா எனக்கு மனசு கொதிக்கும். அதே சைலென்சருக்குள்ள தீப்பொறிய புடிக்கிற தட்டும் இருக்கணும், காஞ்ச காட்டுல ஒரு கரித்துண்டு சிவப்பா வெளிய விழுந்தா ட்ரெயில் மட்டுமா போகும்?

பாதையில எதுத்தாப்புல வர்றவங்ககிட்ட நடந்துக்கிற விதமும் இதே கணக்குலதான் சேரும். குதிரை வந்தா ஓரம் கட்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஹெல்மெட்ட கழட்டி பேசுவாங்க, மனுஷக்குரல் கேட்டா குதிரை அடங்கும். எதிர்ல இன்னொரு ரைடர் வந்தா பின்னாடி எத்தன பேர் வர்றாங்கன்னு விரல காட்டுவாங்க, கடைசி ஆள் மூடின முஷ்டிய காட்டுவார்.

கழிவு விஷயமும் பேசியே ஆகணும். கலிஃபோர்னியாவுல ஜார்ஜ்டவுன் பக்கம் இருந்து டாஹோ ஏரி பக்கம் போற ரூபிகான் ட்ரெயில்னு ஒண்ணு, ஜீப்காரங்களுக்கு கோயில் மாதிரி, முழுக்க கருங்கல் பாறை. 2009-ல அங்க தண்ணீர் தரத்த பாக்கிற மாநில வாரியம் ஒரு உத்தரவு போட்டுச்சு, வண்டல் ஓடையில கலக்குது, பாறையில எண்ணெய் சிந்துது, மனுஷ கழிவு சுகாதாரக்கேடு, சரி பண்ணுங்கன்னு. உத்தரவு போனது கவுண்ட்டிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸுக்கும். 2001-ல இருந்தே அங்க ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ரூபிகான்னு ஒரு வாலண்டியர் கூட்டம் இருந்துச்சு. ஓட்ட வந்தவங்களே மண்ண புடிச்சு நிறுத்துற வேலையில எறங்கினாங்க, கழிவ பையில போட்டு திருப்பி எடுத்துட்டு போற பழக்கத்த பரப்பினாங்க, எண்ணெய் உறிஞ்சுற துணி இல்லாம வராதேன்னு சொன்னாங்க. ட்ரெயில் இன்னும் திறந்திருக்கு. ஒரு உத்தரவு வந்ததும் கத்தி கூச்சல் போட்டுட்டு கலைஞ்சிருந்தா அது இன்னைக்கு வெறும் போட்டோதான்.

இப்ப கிழக்கு பக்கத்து தனியார் நிலம். அங்க எண்டியூரோன்னு ஒரு வகை போட்டி, காட்டுக்குள்ள நீண்ட சுத்து, குறிச்ச நேரத்துக்கு குறிச்ச இடத்துல வரணும். ஒரு ஞாயித்துக்கிழமை நடக்கிற அதுக்கு மாசக்கணக்கா வீடு வீடா போவாங்க. நிலத்துக்காரருக்கு பயம் என்னன்னா யாராவது விழுந்து கால உடைச்சிட்டு தன் மேல கேஸ் போட்டுட்டா? அதுக்காகவே 1965-ல ஒரு மாதிரி சட்டம் எழுதினாங்க, காசு வாங்காம பொழுதுபோக்குக்கு நிலத்த திறந்து விடுறவருக்கு பொறுப்பு குறைவுன்னு, இப்ப 50 மாநிலத்துலயும் ஏதோ ஒரு வடிவத்துல அது இருக்கு. ஆனா காசு வாங்கினா அந்த பாதுகாப்பு பல இடத்துல போயிடும், அதனால போட்டிக்குன்னு தனியா இன்ஷூரன்ஸ் எடுத்து நிலத்துக்காரர் பேரையும் அதுல சேப்பாங்க. அதெல்லாம் காகிதம். நிஜமா அந்த கேட்ட திறந்து வைக்கிறது வேற. மூடியிருந்த கேட்ட மூடிட்டு போறது, திறந்திருந்தத திறந்தே விடுறது. மாடு கன்னு போடுற சமயத்துல அந்த பக்கமே போகாம இருக்கிறது. போட்டி முடிஞ்ச அடுத்த வாரம் அம்புக்குறி அட்டை ஒண்ணு விடாம கழட்டி, சக்கரம் கிளறின ஓடக்கரைய சமன் பண்ணி, வைக்கோல் பரப்பிட்டு வர்றது. அந்த பெரியவர் பிப்ரவரியில பனியில மாட்டிக்கிட்டா ட்ராக்டர் கொண்டு போறது. இதெல்லாம் பண்ணியும் ஒரு நாள் அவர் காலமாகி, நிலம் பிள்ளைங்களுக்கு பிரிஞ்சு, ஒருத்தர் வித்துட்டார்னா முப்பது வருஷ பாதை நடுவுல அறுந்து போயிடும். கிளப்காரங்க மனசுல ஓயாம இருக்கிற கவலை அதுதான்.

இதையே பெரிய அளவுல பண்ணி காட்டுனது வெஸ்ட் வர்ஜீனியாவுல ஹேட்ஃபீல்ட் மெக்காய் ட்ரெயில்ஸ். பத்தொம்பதாம் நூற்றாண்டுல தலைமுறைப்பகையா அடிச்சுக்கிட்ட ரெண்டு குடும்பத்தோட பேர் அது. நிலக்கரி கம்பெனி, மர கம்பெனி, நில கம்பெனிங்களோட காடு, அதுல எப்படியும் ஆளுங்க திருட்டுத்தனமா ஓட்டிட்டு இருந்தாங்க. 1996-ல மாநில சட்டமன்றம் ஒரு தனி அமைப்ப உருவாக்கி, நிலத்துக்காரங்ககிட்ட ஒப்பந்தம் போட்டு, பொறுப்ப அந்த அமைப்பு ஏத்துக்கிச்சு, 2000-ல ட்ரெயில திறந்தாங்க. இப்ப 1000 மைலுக்கு மேல. ஓட்டுறவர் பெர்மிட் வாங்கணும், ஹெல்மெட் போடணும். நிலக்கரி படுத்து போன சின்ன சின்ன ஊர்ல தெருவுக்குள்ளயே ஏ.டி.வி. ஓட்டி வந்து சாப்பிட்டுட்டு போறாங்க, தங்குற இடமெல்லாம் அத நம்பி வந்திருக்கு. ஒரு கிராமத்து கிளப்புக்கு கவுண்ட்டி கூட்டத்துல பேச இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காகித வேலைய கடைசியா வச்சேன், யாருக்கும் பிடிக்காதது, ஆனா ட்ரெயிலோட உயிர் அங்கதான் அதிகமா போகுது. 1970 ஜனவரி 1 அன்னைக்கு கையெழுத்தான நெப்பாங்கிற சுற்றுச்சூழல் சட்டப்படி ஃபெடரல் நிலத்துல பெரிய முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி பாதிப்ப ஆராயணும், பொதுமக்கள் கருத்தையும் பல நேரத்துல கேப்பாங்க. அப்ப நூத்துக்கணக்கான ரைடருங்க "எங்க ட்ரெயில மூடாதீங்க"ன்னு ஒரே வாசகத்த அனுப்புவாங்க. அது ஓட்டெடுப்பு கிடையாது, எண்ணி பாத்து முடிவெடுக்க மாட்டாங்க. "இந்த நம்பர் பாதையோட மூணாவது மைல்ல ஓடைய கடக்கிற இடத்துல வண்டல் பிரச்சனைன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது, மேல நாப்பது அடியில பாறை அடி இருக்கு, அங்க மாத்தி விடலாம், வேலைய நாங்க செய்யறோம்"னு ஒருத்தர் எழுதினா அத அவங்களால சுலபமா ஒதுக்கிட முடியாது. ஃபாரஸ்ட் சர்வீஸ்ல 2013-ல வந்த விதிப்படி, கருத்து கேட்ட காலத்துல குறிப்பா எழுதி குடுத்தவங்கதான் பின்னாடி ஆட்சேபிக்க முடியும், அப்ப சும்மா இருந்தவங்க பின்னாடி எவ்ளோ நியாயமா பேசினாலும் கதவு மூடினதுதான்.

எல்லா மூடலையும் எதிர்க்கணும்னு நான் சொல்லல. கலிஃபோர்னியாவுல க்ளியர் க்ரீக்னு ரைடருங்க உசுரா நினைச்ச இடம், அங்க மண்ணுலயே இயற்கையா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, தூசியில அத சுவாசிக்கிறது ஆபத்துன்னு ஆய்வு வந்து 2008-ல மூடினாங்க. அளவு சரியா தப்பான்னு இன்னும் சண்டை ஓடுது, ஆனா குழந்தைங்களும் அங்க ஓட்டிட்டு இருந்தாங்கங்கிறத மறந்துட்டு பேச முடியாது. மீன் முட்டையிடுற கூழாங்கல் மேல வண்டல் படியிற ஓடையில ஒரு சின்ன பாலம் போட்டா தீர்ற பிரச்சனைக்கு முழு பாதையையும் மூடுறத எதிர்க்கலாம், பாலமே வேண்டாம் அப்படியே தண்ணியில பாய்வோம்னு அடம் பிடிக்கிறவங்க பக்கம் நிக்க முடியாது. நல்ல கிளப்புங்க இத பிரிச்சு பாக்க தெரிஞ்சு வச்சிருக்காங்க, அதனாலதான் ரேஞ்சர் அவங்க போன எடுக்கிறார்.

இப்ப அந்த கிளப்புங்க பலதுல கூட்டத்துக்கு வர்றவங்க தலையெல்லாம் நரைச்சிருக்கு. ஓட்ட வர்ற சின்ன பசங்க நெறைய, ஆனா போன்ல தடத்த டவுன்லோட் பண்ணி வந்து ஓட்டிட்டு போயிடுறாங்க, அந்த தடத்த யார் மேப்ல ஏத்தினாங்கன்னு தெரிய வாய்ப்பே இல்ல. எந்த வாசல் வாய் எந்த மழைக்கு அடைக்கும், எந்த நிலத்துக்காரருக்கு காலையில போன் பண்ணா பிடிக்காது, எந்த வளைவுல எந்த வருஷம் பாதைய மாத்தினாங்க, ஏன் மாத்தினாங்க, இதெல்லாம் ஒரு எழுபது வயசுக்காரர் தலைக்குள்ள இருக்கு. சில கிளப்புல இப்ப ஒவ்வொரு வேலை நாளுக்கும் புதுசா ஒருத்தர அவர் பக்கத்துலயே நடக்க விடுறாங்க, ரம்பம் ஒருத்தர் கையில, நோட்டும் ஜிபிஎஸ்ஸும் இன்னொருத்தர் கையில. பெரியவர் நின்னு புலாஸ்கியோட வெட்டு வாயால மண்ண காட்டி "இங்க"ம்பார், சின்னவர் புள்ளிய குறிச்சுக்குவார், ரெண்டு பேரும் குனிஞ்சு இலையையும் வண்டலையும் அள்ளி வெளிய போடுவாங்க, தேங்கி நின்ன தண்ணி மெதுவா நகந்து, அந்த வாய் வழியா சரிவுல எறங்கி புல்லுக்குள்ள போகும்.